படகு போனால்தான் பாதை

ஏழு அடி அகலம். எழுபது அடி நீளம்.

நம்மூரில் இப்படி ஓர் இடத்தைக் காட்டினால் யாரும் அதை வீடு என்று சொல்லமாட்டார்கள். சந்து என்பார்கள். ஆனால் 1939 ஜூலை மாதக் கடைசியில், இங்கிலாந்தின் பேன்பரி என்கிற ஊரில், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இந்த அளவுள்ள ஒன்றுக்குள்தான் குடித்தனம் வைத்தது. உள்ளே கட்டில் உண்டு. அடுப்பு உண்டு. அலமாரி நிறைய புத்தகங்கள் உண்டு. குளிக்கத் தொட்டிகூட உண்டு. வாசல் மட்டும் தினம் ஒரு ஊரில்.

ஆமாம், படகுதான். பெயர் கிரெஸ்ஸி. ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிய படகு. ஃபோர்ட் கம்பெனியின் பழைய 'மாடல் டி' கார் இன்ஜினை அதில் பொருத்தியிருந்தார்கள். வேகம் மணிக்கு மூன்று, நான்கு மைல். நீங்களும் நானும் கொஞ்சம் வீசி நடந்தால் முந்திவிடலாம்.

கணவன் பெயர் டாம் ரோல்ட். வயது 29. படித்தது, வேலை பழகியது எல்லாம் இன்ஜினீயரிங். மனைவி ஆஞ்சலா. பெண்ணின் அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லை. பின்னே? வாய்க்கால் வாய்க்காலாகப் படகில் சுற்றப்போகிறேன், அதிலேயே வாழப்போகிறேன் என்று சொல்கிற மாப்பிள்ளையை எந்த அப்பாவுக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் அந்த மாப்பிள்ளையின் ஊர்சுற்றல்தான் இங்கிலாந்தின் கால்வாய்களைத் தூர்ந்துபோகாமல் காப்பாற்றிய கதைக்குப் பிள்ளையார் சுழி. அதைச் சொல்வதற்கு முன்னால், கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

★

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பிரிட்ஜ்வாட்டர் டியூக் என்று ஓர் இளைஞர். ஏகப்பட்ட சொத்து. லண்டனே கொண்டாடிய பேரழகி எலிசபெத் கன்னிங்குடன் கல்யாணம் நிச்சயமாகி, முறிந்துபோனது. நம்ம சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் ஹீரோ தாடி வளர்ப்பார். டியூக் கால்வாய் வெட்டினார்!

வொர்ஸ்லியில் அவருக்கு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. பக்கத்திலேயே மான்செஸ்டர், நிலக்கரிக்கு ஏங்கும் நகரம். நடுவில் மழை பெய்தால் சேறாகிவிடும் பாதை. குதிரை முதுகில் மூட்டை கட்டி அனுப்பினால் கரியின் விலையைவிடக் கூலி கண்ணைக் கட்டியது. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத, ஆனால் மூளைக்காரரான ஜேம்ஸ் பிரிண்ட்லி என்கிற ஆலை மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு டியூக் வேலையை ஆரம்பித்தார். 1761-ல் தண்ணீர் ஓடியது. வழியில் இர்வெல் ஆறு குறுக்கிட்டது. ஆற்றுக்கு மேலே பாலம் கட்டி, அந்தப் பாலத்துக்கு மேலே கால்வாயை ஓடவிட்டார் பிரிண்ட்லி. கீழே ஆற்றில் ஒரு படகு, மேலே பாலத்தில் இன்னொரு படகு. ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியாகக் குறைந்தது.

நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்காகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். பார்க்கலாமா? ஒரு குதிரை முதுகில் ஏற்றினால் ஒன்றேகால் குவிண்டால் சரக்கு போகும். நல்ல சாலையில் வண்டி கட்டினால் இரண்டு டன். அதே குதிரையைக் கால்வாய்க் கரையில் நடக்கவிட்டு, கயிற்றால் படகை இழுக்கச் சொன்னால்? இருபத்தைந்து, முப்பது டன். குதிரையும் அதேதான், அது தின்னும் கொள்ளும் அதேதான்.

இந்தக் கணக்கு புரிந்ததும் நாட்டுக்கே கால்வாய்ப் பித்துப் பிடித்தது. 1790-களில் கால்வாய்க் கம்பெனி ஷேருக்கு அடிதடி. பள்ளத்தாக்கு வந்தால் மேலே பாலம். வேல்ஸ் நாட்டில் பொன்ட்கசில்ட்டே என்ற இடத்தில் 126 அடி உயரத்தில் ஓர் இரும்புத் தொட்டியில் கால்வாய் போகிறது. 1805-ல் கட்டியது. இன்றைக்கும் போகிறது. மலை வந்தால் சுரங்கம். சுரங்கத்துக்குள் குதிரைக்குப் பாதை இருக்காது. படகுக்காரர்கள் மல்லாந்து படுத்து, கால்களால் சுவரை உதைத்து உதைத்தே படகை நகர்த்துவார்கள். ஸ்டான்டெட்ஜ் சுரங்கம் மட்டும் ஐந்து கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் படுத்தபடியே நடக்க வேண்டும்.

மேடு வந்தால்? அங்கேதான் 'லாக்'. ஒரு தொட்டி, முன்னும் பின்னும் கதவு. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். மேல்கால்வாய்த் தண்ணீரை மெதுவாகத் தொட்டிக்குள் விடுவார்கள். தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறும். மட்டம் சமமானதும் முன்கதவைத் திறந்தால் படகு மேட்டுக்குப் போய்விடும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. 'ட' எழுத்து மாதிரி வளைந்த ஓர் இரும்புக் கைப்பிடியும் மனிதத் தோளும் போதும். செலவைக் குறைக்க பிரிண்ட்லி இந்தத் தொட்டிகளை ஏழு அடி அகலத்துக்குச் சுருக்கினார். தொட்டி ஏழு அடி என்றால் படகும் அதற்குள்தானே அடங்கவேண்டும்? ரோல்ட் தம்பதியின் வீடு ஏன் சந்து மாதிரி இருந்தது என்று இப்போது தெரிகிறதா?

★

1830-ல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே ரயில் வந்தது. அத்தோடு கால்வாய்க்கு ஏழரை ஆரம்பம்.

ரயில் கம்பெனிகள் போட்டி போட்டதோடு நிற்கவில்லை. பல கால்வாய்களை விலைக்கே வாங்கிவிட்டன. போட்டியாளனை வாங்கிப் பூட்டிவைப்பது இன்றைக்கும் நடக்கிற வியாபாரம்தானே? தூர் வாரவில்லை. கதவுகள் ஒழுகின. சரக்குக் கூலி சரிந்தது. கரையில் தனியாக வீட்டு வாடகை கொடுக்கக் கட்டுப்படியாகாத படகுக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு படகிலேயே குடியேறினார்கள். எழுபது அடியும் அவர்களுக்கு இல்லை. முன்னால் முழுக்க நிலக்கரி. கடைசியில் பத்தடிக்கு ஓர் அறை. சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம் அதற்குள்.

அந்தப் பத்தடியைத்தான் ரோஜாப் பூவும் கோட்டை கொத்தளமுமாக வண்ணம் தீட்டி, பித்தளைக் குமிழ்களைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு எழுத்து வாசனை இல்லை. படகு ஓடிக்கொண்டே இருந்தால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? ஜார்ஜ் ஸ்மித் என்ற சமூகப் போராளி தொண்டை கிழியக் கத்தியதில் 1877-லும் 1884-லும் படகு வாழ்க்கைக்கான சட்டங்கள் வந்தன. பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

ரோல்ட் புறப்பட்ட 1939-ல் நிலைமை இதுதான். சில கால்வாய்களில் மட்டும் சரக்குப் படகுகள். மற்றவற்றில் பாசி, நாணல், செத்த நாய்.

★

பேன்பரியில் டூலி குடும்பத்தின் படகுப் பட்டறையில் கிரெஸ்ஸியை வீடாக மாற்றிக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயில் வடக்கே கிளம்பியது ஜோடி. சுமார் நானூறு மைல் பயணம். காரில் போனால் இரண்டு நாள் சமாசாரம். அவர்கள் மாதக்கணக்கில் போனார்கள். நின்ற இடத்தில் எல்லாம் ரோல்ட் படகுக்காரர்களோடு பேசினார். லாக் காவலர்கள், பட்டறைத் தச்சர்கள், கரையோர மதுக்கடைக்காரர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாவற்றையும் எழுதிவைத்தார்.

கிளம்பிய ஆறாவது வாரம், செப்டம்பர் 3, இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்து குதித்தது. ஊர்சுற்றல் அம்பேல். ரோல்ட் ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். விமான இன்ஜின் வேலை. தாக்குப்பிடிக்க முடியவில்லை. விட்டுவிட்டு வேறு வேலை தேடினார். எழுதிய புத்தகத்தையோ ஒரு பதிப்பாளரும் சீந்தவில்லை. குண்டு விழுகிற காலத்தில் வாய்க்கால் கதை யாருக்கு வேண்டும்? 1944 டிசம்பரில் 'நேரோ போட்' என்ற பெயரில் அது ஒருவழியாக வெளிவந்தது.

அச்சான பிறகுதான் தெரிந்தது, அந்தக் கதைக்காகத்தான் ஜனங்கள் காத்திருந்தார்கள் என்று. ஐந்து வருடமாக சைரன் சத்தம் கேட்டுக் காது புளித்துப்போனவர்களுக்கு, நாலு மைல் வேகத்தில் போகிற ஒரு படகு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். கடிதங்கள் குவிந்தன. அதில் ஒன்று ராபர்ட் எய்க்மன் என்பவர் எழுதியது. லண்டன்காரர். பின்னாளில் பேய்க்கதை எழுதிப் புகழ்பெற்ற ஆசாமி. இந்தக் கால்வாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் ஆரம்பித்தால் என்ன என்று கேட்டார். 1945 ஆகஸ்டில், கிரெஸ்ஸி நின்றிருந்த டார்டெபிக் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். அடுத்த வருடமே உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. எய்க்மன் தலைவர். ரோல்ட் செயலாளர்.

சங்கம் வைப்பது எளிது. அதை வைத்து என்ன செய்வது? கடிதம் எழுதலாம், கூட்டம் போடலாம். ரோல்டிடம் ஒரு படகு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராகப் போய் ஒரு பாலத்தில் முட்டுவது என்று முடிவு செய்தார்கள்!

★

பர்மிங்ஹாமில் லிஃபோர்ட் லேன். ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் குறுக்கே அங்கே ஒரு பாலம். முன்பு தூக்குப்பாலமாக இருந்தது. படகு வந்தால் தூக்குவார்கள். அது பழுதானபோது, கால்வாயின் சொந்தக்காரரான கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அதே இடத்தில் தூக்க முடியாத பாலம் ஒன்றைத் தாழ்வாகப் போட்டுவிட்டது. தற்காலிகம் என்று பெயர். தற்காலிகம் என்றால் எத்தனை வருடம் என்று நமக்குத் தெரியாதா என்ன?

இங்கேதான் சட்டத்தின் நுணுக்கம். கால்வாயில் படகு போகும் உரிமை பாராளுமன்றச் சட்டம் கொடுத்தது. ரயில்வே நினைத்தாலும் பறிக்க முடியாது. ஆனால் யாரும் போகவில்லை என்றால்? உரிமை தாளில் இருக்கும், கால்வாய் சேற்றில் இருக்கும். கணக்குப் பதிவியலில் இதற்குச் சமமான விஷயம் உண்டு. ஒரு சொத்து எந்த உபயோகமும் இல்லாமல் கிடந்தால், ஒருநாள் அதன் மதிப்பைப் பூஜ்யமாக்கி ஏட்டிலிருந்து எழுதித் தள்ளிவிடுவார்கள்.

பிரபுக்கள் சபையில் மெத்துயன் பிரபு கேள்வி எழுப்பினார். படகு வருவதாக முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தால் பாலம் உயர்த்தப்படும் என்று அரசுத் தரப்பில் பதில் வந்தது. யாரும் கொடுக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

ரோல்ட் நோட்டீஸ் கொடுத்தார்.

1947 மே மாதம். வேறு வழியில்லாமல் ரயில்வே ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கினார்கள். கரையெல்லாம் கூட்டம், பத்திரிகைக்காரர்கள். பாசியையும் குப்பையையும் கிழித்துக்கொண்டு, மேலும் கீழும் உரசியபடி கிரெஸ்ஸி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் பேப்பரில் செய்தி. அத்தோடு விட்டார்களா? ம்ஹும். பறவை ஆராய்ச்சியாளர் பீட்டர் ஸ்காட் தன் படகோடு வந்தார். இன்னும் சிலரும் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நோட்டீஸ். ஒவ்வொரு தடவையும் ஜாக்கி. இதற்குப் பேசாமல் ஒழுங்கான பாலமே கட்டிவிடலாம் என்ற முடிவுக்கு அவர்கள் வரவேண்டியதாயிற்று. 1950-ல் அங்கே திறந்து மூடும் பாலம் வந்தது.

அதே கால்வாயின் தெற்குப் பாதியில் நடந்தது இன்னும் விசேஷம். 13 மைல் நீளம். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் போய் முடிகிறது. 1958-ல் உள்ளூர் கவுன்டி கவுன்சில், இந்தக் கால்வாயைக் கைவிட அனுமதி கேட்டது. ஒரு பாலத்தைப் புதுப்பிக்கும் செலவை மிச்சப்படுத்த ஆசை. சொன்ன காரணம், மூன்று வருடமாக இதில் யாருமே போகவில்லை என்பது. சட்டப்படி அது வலுவான காரணம்.

ஆனால் இரண்டு பேர் போயிருந்தார்கள். கனூ என்கிற துடுப்புத் தோணியில். போனதோடு இல்லை, அதற்கான அனுமதிச் சீட்டையும் முறையாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். அதைப் பத்திரமாகவும் வைத்திருந்தார்கள். தேதி, மூன்று வருடக் கெடுவுக்குள்!

பஸ் டிக்கெட்டை இறங்கியதும் கசக்கி எறிகிற நமக்கு இது ஒரு பாடம். அந்தச் சீட்டு கவுன்சிலின் வாதத்தை உடைத்தது. கைவிட அனுமதி கிடைக்கவில்லை. நேஷனல் டிரஸ்ட் அமைப்பு கால்வாயைக் குத்தகைக்கு எடுத்தது. தன்னார்வலர்கள், ராணுவச் சிப்பாய்கள், சிறைக் கைதிகள் என்று எல்லோரும் சேற்றில் இறங்கினார்கள். 1964 ஜூலையில், ஷேக்ஸ்பியரின் நானூறாவது பிறந்த வருடத்தில், ராணியின் தாயார் வந்து திறந்துவைத்தார்.

★

சுபம் போட்டுவிடலாமா? முடியாது. சரித்திரம் அவ்வளவு நல்ல திரைக்கதை ஆசிரியர் இல்லை.

ரோல்ட் காப்பாற்ற நினைத்தது வெறும் தண்ணீரை அல்ல. அந்தப் பத்தடி அறைக்குள் வாழ்ந்த மனிதர்களை, அவர்கள் தொழிலை. முதலில் சரக்குப் படகு பிழைக்கட்டும், முக்கியமான கால்வாய்களைக் காப்போம் என்பது அவர் கட்சி. ஒரு மைலைக்கூட விட்டுத்தர முடியாது, உல்லாசப் படகோ சரக்குப் படகோ எல்லாம் வேண்டும் என்பது எய்க்மன் கட்சி. 1950 ஆகஸ்டில் மார்க்கெட் ஹார்பரோவில் நூறு படகுகளுக்கு மேல் கூடிய பெரிய திருவிழா. சங்கம் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில்தான் சண்டையும் முற்றியது. அடுத்த வருடம் ரோல்ட்டையே சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பிள்ளையார் சுழி போட்டவரையே!

அதே 1951-ல் மரம் உளுத்துப்போன கிரெஸ்ஸியைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆஞ்சலாவும் பிரிந்து போனார், ஒரு சர்க்கஸ் கம்பெனியில் சேர. பன்னிரண்டு வருடப் படகு வாழ்க்கை ஒரே வருடத்தில் முடிந்தது. ரோல்ட் மனம் உடைந்து உட்கார்ந்தாரா? இல்லை. வேல்ஸில் மூடப்பட இருந்த டாலிலின் என்ற குட்டி ரயிலைத் தன்னார்வலர்களை வைத்து ஓட்டிக் காட்டினார். உலகத்திலேயே முதன்முதலாக அப்படிக் காப்பாற்றப்பட்ட ரயில் பாதை அது. 1974-ல் இறந்தார்.

1962-63 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. சரக்கெல்லாம் லாரிக்கு மாறியது. பனி உருகியபோது அது திரும்பி வரவில்லை. ரோல்ட் நேசித்த படகுக் குடும்பங்கள் கரையேறிவிட்டன. ஒருவிதத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கு நல்லதுதான், பள்ளிக்கூடம் கிடைத்தது. 1968-ல் வந்த போக்குவரத்துச் சட்டம், பொழுதுபோக்குப் படகுகளுக்காகவே பல கால்வாய்களைப் பராமரிக்கவேண்டும் என்றது. எய்க்மன் கட்சி ஜெயித்தது. அது ஜெயித்ததால்தான் கால்வாய் பிழைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்றைக்கு அங்கே நீங்கள் படகை ஓட்ட டிரைவிங் லைசென்ஸ் வேண்டாம். லைசென்ஸ் படகுக்குத்தான். நிரந்தரத் துறை இல்லாத படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது, நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும் என்பது 1995-ல் வந்த சட்டம். வாடகை கட்டுப்படியாகாமல் படகில் குடியிருக்கும் லண்டன்வாசிகளுக்கு இதுதான் தலைவலி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் அந்தக் குடும்பங்கள் படகேறியதற்கும் வாடகைதானே காரணம்? 2012 முதல் ஓர் அறக்கட்டளை சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பார்த்துக்கொள்கிறது. தொழிற்புரட்சிக் காலத்தைவிட இப்போது அதிகப் படகுகள் மிதக்கின்றன என்கிறது அது. ஆனால் 2027-லிருந்து அரசு மானியத்தின் மதிப்பு குறையும் என்று 2023-லேயே அறிவிப்பு வந்துவிட்டது. போராட்டம் முடிந்தபாடில்லை.

★

அதே வெள்ளைக்காரர்கள், அதே லாக் வைத்து, இங்கேயும் ஒன்று வெட்டினார்கள். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஆரம்பித்தது. தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஜனங்கள் அதை நகரத்துக்கு நடுவே நீட்டித்தார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் டியூக்கின் பெயரை வைத்தார்கள். வடக்கே ஆந்திராவின் பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். விறகும் உப்பும் நெல்லும் வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். புயல்கள் உடைத்தன. சரக்கு லாரிக்குப் போனது. படகுகள் நின்றன. நகரத்துக்குள் அது சாக்கடையானது. கடைசியில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டோம்.

மயிலாப்பூரில் ரயிலிலிருந்து குனிந்து பார்த்தால் கருப்பாகத் தெரிகிறதே, அதுதான். ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அது சௌகரியம்தான். ஆனால் தூண் நட வந்த அன்றைக்கு, "இந்த வழியாகப் போன வருடம்கூட நான் படகில் போனேன், இதோ சீட்டு" என்று எடுத்துக் காட்ட ஒருத்தர் வேண்டும் இல்லையா?

ஸ்ட்ராட்ஃபோர்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.